‘கண்டோன்’ என்றால் வெறும் மன்னிப்பா? – கேள்வி பதில்

வேலூர் சத்துவாச்சாரியில் ஒரு வக்கீல் ஆபீஸில் 26 வருஷமாக மனு டைப் செய்கிறேன். அதிகம் டைப் செய்த ஆங்கில வினைச்சொல் எது என்றால் ‘கண்டோன்’ (condone) என்றுதான் சொல்வேன். அதைப் பற்றி என்ன சந்தேகம் இருந்தாலும் கேளுங்கள் என்று போன வாரம் சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் சில இங்கே.

குடியாத்தம், பி.காம். மாணவி: அக்கா, என் அட்டெண்டன்ஸ் 71 சதவீதம். கண்டொனேஷன் ஃபீஸ் கட்டச் சொல்கிறார்கள். அது அபராதமா?

கையிலிருந்து பணம் போவதால் அபராதம் மாதிரித்தான் தெரியும். ஆனால் சொல்லின் பொருள் வேறு. ‘கண்டும் காணாம விட்டுட்டாங்க’ என்று வீட்டில் சொல்வோமே, கண்டோன் அதற்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கிறது. ஒரு குறை நடந்துவிட்டது. அது குறைதான் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். தடுக்கவோ தண்டிக்கவோ அதிகாரம் உள்ளவர் அதைப் பெரிதாக்காமல் விடுகிறார். பல கல்லூரிகளில் 75 சதவீத வருகை வேண்டும். 65-க்கு மேல் இருந்தால் காரணம் கேட்டு, பணம் கட்டவைத்து, பரீட்சை எழுத விடுகிறார்கள். அப்படி விடுவதுதான் கண்டொனேஷன்.

கடிதத்தில் ‘கைண்ட்லி கண்டோன் தி ஷார்ட்டேஜ் இன் மை அட்டெண்டன்ஸ்’ என்று எழுது. ‘கண்டோன் மீ’ என்று மட்டும் எழுதிவிடாதே. இந்தச் சொல்லுக்குப் பின்னால் நடந்த தவறுதான் வரும், ஆள் வரமாட்டார். ஆளை மன்னிக்க ‘பார்டன்’, ‘ஃபர்கிவ்’ எல்லாம் இருக்கின்றன.

காட்பாடி: பார்டனும் கண்டோனும் கேட்க ஒரே மாதிரி இருக்கின்றனவே, சொந்தமா?

சொந்தம்தான். லத்தீனில் ‘டோனாரே’ என்றால் கொடுப்பது. டொனேஷன், பார்டன், கண்டோன் மூன்றும் அந்த வேரில் வந்தவை. நாமும் ‘விட்டுக்கொடுப்பது’ என்றுதானே சொல்கிறோம்? அதற்குள்ளும் ஒரு ‘கொடு’ இருக்கிறது. இதை முதலில் கவனித்த அன்று எனக்கு அத்தனை சந்தோஷம்.

ஆம்பூர், ஷூ கம்பெனி ஊழியர்: வெளிநாட்டு பையர் அனுப்பிய விதிமுறையில் ‘வி டு நாட் கண்டோன் சைல்ட் லேபர்’ என்று இருக்கிறது. ‘மன்னிக்க மாட்டோம்’ என்று மொழிபெயர்த்தேன். சரியா தம்பி என்று மேனேஜர் கேட்கிறார்.

தப்பு இல்லை, ஆனால் அழுத்தம் குறைந்துவிட்டது. மன்னிக்க மாட்டோம் என்றால் நடந்த பிறகு பேசுவது போல ஆகிறது. அவர்கள் சொல்வது, ‘குழந்தைத் தொழிலாளர் முறையை எந்த வகையிலும் ஏற்க மாட்டோம், தெரிந்தும் தெரியாதது போல இருக்க மாட்டோம்’ என்பது. ஆங்கிலப் பேச்சிலும் பத்திரிகையிலும் இந்தச் சொல் பெரும்பாலும் இப்படி ‘நாட்’ சேர்த்துத்தான் வரும். சேர்க்காமல் ஒருவரைப் பார்த்து ‘யூ ஆர் கண்டோனிங் இட்’ என்றால் குற்றச்சாட்டு. தப்புக்கு நீயும் துணை போகிறாய் என்று அர்த்தம்.

ஆற்காடு: அப்பாவின் நில வழக்கில் அப்பீல் போட 47 நாள் தாமதமாகிவிட்டது அம்மா. கண்டோன் டிலே மனு போட வேண்டும் என்கிறார் வக்கீல். நாங்கள் என்ன குற்றம் செய்தோம், மன்னிப்புக் கேட்க?

குற்றம் ஒன்றும் இல்லை ஐயா. ஆனால் குறை உண்டு என்று ஒப்புக்கொண்டால்தான் இந்த மனுவே நிற்கும். ‘தாமதமே இல்லை, ஆனாலும் கண்டோன் செய்யுங்கள்’ என்று யாரும் கேட்க முடியாது. அதனால்தான் கெஞ்சலைவிட காரணம் முக்கியம்.

1963-ஆம் வருஷத்து காலவரையறைச் சட்டத்தில் 5-வது பிரிவு இதற்கானது. போதிய காரணம் இருப்பதாக நீதிமன்றம் திருப்திப்பட்டால் தாமதத்தை விட்டுக்கொடுக்கலாம். இது அப்பீலுக்கும் மனுக்களுக்கும்தான், புதிதாகப் போடும் அசல் வழக்குக்குப் பொருந்தாது. ‘டு கண்டோன் தி டிலே ஆஃப் 47 டேஸ் இன் ஃபைலிங் தி அப்பீல்’ என்று எழுதுவோம். தமிழில் ‘மேல்முறையீடு தாக்கல் செய்வதில் ஏற்பட்ட 47 நாள் தாமதத்தை மன்னித்து’ என்று வரும்.

முதலில் அந்த 47-ஐச் சரிபாருங்கள். தீர்ப்பு நகல் வாங்கப் பிடித்த நாட்களைக் கழித்துக்கொள்ளலாம். நகலிலேயே முத்திரை இருக்கும், மனு கொடுத்த தேதியும் நகல் தயாரான தேதியும் அதில் தெரியும். இந்தக் கணக்கைப் பார்க்காமல் நாளைக் கூட்டி எழுதியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம், ‘உடம்பு சரியில்லை’ என்று ஒரே வரியில் எழுதவிடாதீர்கள். அப்பாவுக்கு மஞ்சள் காமாலை என்றால் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை படுத்திருந்தார் என்று எழுதி டிஸ்சார்ஜ் சம்மரியை வைக்க வேண்டும். ஒவ்வொரு நாளுக்கும் விளக்கம் வேண்டும் என்பதை அளவுக்கு மீறிப் பிடித்துக்கொள்ளக் கூடாது, அப்படியானால் ஏன் ஒவ்வொரு மணிக்கும் வேண்டாம், ஒவ்வொரு விநாடிக்கும் வேண்டாம் என்ற கருத்தில் 1987-இல் உச்ச நீதிமன்றமே கேட்டிருக்கிறது. அதற்காக அலட்சியமாக இருந்தால் காப்பாற்றாது.

ராணிப்பேட்டை: கண்டோலன்ஸ் இதிலிருந்து வந்ததா?

இல்லை. அது துக்கத்தில் பங்கெடுப்பது. ‘கண்டெம்’ அதற்கும் வேறு, கண்டிப்பது. மனுவில் கண்டோன் இருக்க வேண்டிய இடத்தில் கண்டெம் விழுந்துவிட்டால் அர்த்தமே தலைகீழ். அதனால் டைப் செய்ததும் அந்த ஒரு சொல்லை மட்டும் விரல் வைத்துப் படிப்பேன்.

வேலூர், பெயர் வேண்டாம்: கொடுமை என்று விவாகரத்து கேட்டிருக்கிறேன் அக்கா. நடுவில் ஒருமுறை சமாதானமாகி வீட்டுக்குத் திரும்பிப் போனேன். ‘அவரே கண்டோன் செய்துவிட்டார்’ என்று எதிர்த்தரப்பில் எழுதியிருக்கிறார்கள். கேஸ் போய்விடுமா?

இந்து திருமணச் சட்டம் 23-வது பிரிவில் அந்தச் சொல் இருக்கிறது. கொடுமையைக் கண்டோன் செய்திருந்தால் அதையே காரணமாகக் காட்ட முடியாது. அதைத்தான் பிடித்திருக்கிறார்கள். ஆனால் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துப்போவது கண்டோன் ஆகாது. மன்னிப்பதும், பழையபடி சேர்ந்து வாழ இடம் கொடுப்பதும், இரண்டும் சேர வேண்டும் என்று 1975-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த மன்னிப்புக்குள் ‘இனி நடக்காது’ என்ற நிபந்தனையும் இருக்கிறது. திரும்ப நடந்தால் பழையதும் கணக்கில் வந்துவிடும்.

திரும்பிப் போனது எந்தத் தேதி, அங்கே எத்தனை நாள் இருந்தாய், அதற்குப் பிறகு முதலில் அடித்தது எப்போது. இந்த மூன்றையும் ஒரு தாளில் எழுதி நாளைக்கே உன் வக்கீல் கையில் கொடும்மா.