தாத்தாவுக்கு கிலோமீட்டர் தெரியுமா?

வணக்கம் அண்ணே,

நான் பட்டர்வொர்த்ல டீச்சரா இருக்கேன். எங்க தாத்தா ஜப்பான்காரன் காலத்துல சுங்கைப்பட்டாணி பக்கத்துத் தோட்டத்துலேர்ந்து சயாம் (தாய்லாந்து) – பர்மா ரயில் பாதை போடுற வேலைக்குப் போயி உயிரோட திரும்பி வந்தவரு. வந்தப்புறம் அதப்பத்தி வாயே தொறக்கல, எங்களுக்குத் தெரிஞ்சதெல்லாம் பாட்டி சொன்னதுதான். அத ஒரு சிறுகதையா எழுதினேன். மொதல்ல 'அவர்'னு போட்டு எழுதினேன், எழுத்துப் பட்டறையில படிச்சவங்க பாயிண்ட் ஆஃப் வியூ தாவுது, ஒரே பாராவுல தாத்தா மனசும் வருது, கங்காணி (தோட்டத்துல ஆளுங்கள மேய்க்கிறவரு) மனசும் வருதுன்னாங்க. சரின்னு தாத்தாவே 'நான்'னு சொல்ற மாதிரி மாத்தினேன், இப்ப என் ஃப்ரெண்டு சரித்திரப் பாடம் படிக்கிற மாதிரி இருக்குங்கிறா. ரெண்டு வெர்ஷனும் அனுப்பியிருக்கேன். எது சரி? எல்லாம் தெரிஞ்ச கதைசொல்லின்னு ஒருத்தர வச்சி எழுதுறது இப்ப பழசாயிடுச்சா? பேர் போட வேணாம் அண்ணே.

---

வணக்கம் தங்கச்சி,

ரெண்டையும் படிச்சேன். உங்க ஃப்ரெண்டு சொன்னது சரிதான், ஆனா குத்தம் 'நான்' மேல இல்ல. மூணாவது பக்கத்துல இப்படி எழுதியிருக்கீங்க: "1943 அக்டோபரில் 415 கிலோமீட்டர் நீளமுள்ள சயாம்–பர்மா ரயில் பாதை முடிந்தது. என் காலில் புண் அழுகிக்கொண்டிருந்தது." ரெண்டாவது வரி தாத்தா சொல்றது. மொத வரி? கூகுள் பாத்த பேத்தி சொல்றது. கணக்கு சரிதான், 415 கிலோமீட்டர்தான், ஆனா காட்டுக்குள்ள மண்ணு கூடையோட நின்னுக்கிட்டு இருந்த மனுஷனுக்கு அது எங்கேர்ந்து தெரியும். அவருக்குத் தெரிஞ்சது வேற, இன்னிக்கி எத்தன கூடை, பக்கத்துல படுத்தவன் காலையில எந்திரிச்சானா, வாந்திபேதி எந்தக் கொட்டாய் வரைக்கும் வந்திருக்கு, அவ்ளோதான். இன்னொன்னு, பாதை முடிஞ்சப்புறமும் ரிப்பேருக்கும் வெறகு வெட்டவும்னு ஆளுங்கள அங்கயே வச்சிருந்தாங்க, அப்ப அக்டோபர்ங்கிறது சரித்திர புஸ்தகத்துக்குத்தான் முடிவு, தாத்தாவுக்கு அது மத்த மாசம் மாதிரி இன்னொரு மாசம். நீங்க அத கதையோட உச்சகட்டமா வச்சிட்டீங்க, அங்கதான் கதை அவர் கையிலேர்ந்து நழுவுது.

கதை சொல்ற ஆளுக்கு என்ன தெரியும்னு யோசிக்கிறோம், என்ன தெரியாதுன்னு யோசிக்கிறதில்ல. தாத்தாவுக்கு ஊர் பேரு தெரியாது, எந்த ஆத்துமேல பாலம் கட்டுறோம்னு தெரியாது, சண்டை யாரு ஜெயிக்கிறாங்கன்னு தெரியாது. அந்தத் தெரியாமைய அப்படியே விட்டு எழுதிப் பாருங்க, பயம் தானா வரும், "பயமாக இருந்தது"ன்னு எழுத வேண்டிய அவசியமே இருக்காது. அப்புறம் அவரு தோட்டத்துலயே பொறந்து வளந்த ஆளு, அந்த முகாம பாத்தாகூட தோட்டத்து கண்ணாலதான் பாத்திருப்பாரு. தலை எண்றப்ப தோட்டத்துல காலையில ஆள் கணக்கெடுக்கிற பெரட்டு ஞாபகம் வந்திருக்கும், கம்போட நிக்கிறவன பாத்தா வேலை வாங்குற தண்டல் ஞாபகம் வந்திருக்கும், மூங்கில் கொட்டாய தோட்டத்து வரிசை வீடான லயத்தோட ஒப்பிட்டிருப்பாரு. உங்க கதையில இது ஒரு எடத்துலகூட இல்லங்கிறது எனக்கு நெஜமாவே ஆச்சரியம்.

'நான்'ல இன்னொரு சிக்கல் இருக்கு. 'நான்'னு எழுதினா ஒரே ஆள்னு நெனச்சிக்கிறோம், உள்ள ரெண்டு பேர் இருக்காங்க, 1943ல அடி வாங்கின ஆளு ஒண்ணு, பிற்பாடு வயசான காலத்துல அத சொல்ற ஆளு ஒண்ணு. மொத ஆளுக்கு நாளைக்கி இருப்போமான்னே தெரியாது, ரெண்டாவது ஆளு பொழச்சி வந்து கல்யாணம் காட்சி பேரன் பேத்தி எல்லாம் பாத்தவரு. உங்க கதையில எந்த தாத்தா பேசுறாருன்னு எனக்கு கடைசி வரைக்கும் புரியல.

எல்லாம் தெரிஞ்ச கதைசொல்லி பழசான்னு கேட்டீங்க. இல்லவே இல்ல. கூத்துல கதைய நடத்திட்டுப் போற கட்டியங்காரன் அரண்மனைக்குள்ளயும் போவான், காட்டுக்குள்ளயும் போவான், நடுவுல நம்மகிட்ட திரும்பி ஒரு ஜோக்கும் அடிப்பான், யாரும் பாயிண்ட் ஆஃப் வியூ தாவுதுன்னு எந்திரிச்சிப் போறதில்ல. ஏன்னா அவன் உள்ள வந்ததுமே நான் இப்படித்தான்னு காமிச்சிடறான். உங்க மொத வெர்ஷன்ல ரெண்டரை பக்கம் தாத்தா கூடவே போயிட்டு, திடீர்னு ஒரே ஒரு வரி, "பேர் எழுதிக் கொடுத்த கங்காணிக்கு உள்ளுக்குள் உறுத்தியது". அதுக்கப்புறம் கங்காணி மனசு பக்கமே போகல. பட்டறையில சொன்னது இதத்தான், அவங்க சட்டம் மாதிரி சொல்லிட்டாங்க, அதான் நீங்க பயந்துட்டீங்க. கங்காணி மனசு வேணும்னா மொத பக்கத்துலேர்ந்தே எல்லார் மனசுக்குள்ளயும் போற ஆளா கதைசொல்லிய வைங்க. வேணாம்னா அந்த வரிய எடுத்துட்டு, கங்காணி தாத்தா மூஞ்சிய பாக்காம பென்சில சீவிக்கிட்டே இருந்தான்னு எழுதுங்க, அது தாத்தா கண்ணுக்குத் தெரிஞ்சிருக்கும்ல.

இப்ப எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயத்துக்கு வர்றேன், யாரு சொல்றாங்கன்னு மட்டும் பாத்தா பத்தாது, யாருக்கு சொல்றாங்கன்னும் பாக்கணும். நம்ம சங்கப் பாட்டுல அகம், அதாவது காதல் பாட்டு, பூராவும் கூற்றுதான், தலைவி பேசுவா, தோழி பேசுவா, செவிலி பேசுவா, கவிஞர் குறுக்க வந்து விளக்கம் சொல்ல மாட்டாரு. பல பாட்டுக்கு கீழ சிறைப்புறம்னு ஒரு குறிப்பு இருக்கும், அதாவது தோழிகிட்ட பேசுற மாதிரி பேச்சு, ஆனா வேலிக்கு அந்தப் பக்கம் நிக்கிற தலைவன் காதுல விழணும். பினாங்கு லிட்டில் இந்தியாவுல எந்தத் துணிக்கடையில நின்னாலும் இத கேக்கலாம், மாமியார் கடைக்காரர்கிட்ட "எங்க காலத்துல ஒரு பொடவைக்கு இவ்ளோ நேரம் பாக்க மாட்டோம் தம்பி"ங்கும், தம்பிக்கா அது? குறுந்தொகை 25, கபிலர் பாட்டு, படிச்சிருப்பீங்க. ரெண்டு பேரும் ரகசியமா சேந்த அன்னிக்கி சாட்சிக்கு யாரும் இல்ல, அந்தக் கள்வன் மட்டும்தான், அவன் பொய் சொன்னா நான் என்ன செய்வேன்னு ஒரு பொண்ணு கேக்குது. அங்க ஒரு குருகு நின்னுச்சாம், தினைத்தாள் மாதிரி சின்னதா பச்சைக் காலு, ஓடுற தண்ணியில ஆரல் மீன் வருதான்னு பாத்துக்கிட்டு. அந்த நேரத்துல பறவையோட காலு என்ன கலர்னு கவனிச்சிருக்குன்னா அந்தப் பொண்ணு கண்ண எங்க வச்சிக்கிட்டு இருந்திருக்கும்! வெக்கம்னு ஒரு வார்த்தை கெடையாது. வெளியேர்ந்து ஒருத்தர் சொல்லியிருந்தா நாணத்தால் தலை குனிந்தாள்னு முடிச்சிருப்பாரு.

சரி, உங்க கதைக்கு வருவோம். சயாம் ரயில் கதைய உலகம் யாரு வாயால கேட்டுச்சின்னு பாருங்க. 60,000 பேருக்கு மேல வெள்ளைக்கார போர்க்கைதிங்க, அதுல 12,000 பேருக்கு மேல செத்தாங்க. மலாயாத் தமிழங்க, பர்மாக்காரங்க, ஜாவாக்காரங்கன்னு ஆசியத் தொழிலாளிங்க அதவிட பல மடங்கு, செத்தவங்க 90,000 கிட்டன்னு ஒரு மதிப்பீடு. ஆனா டைரி எழுதினவன் அந்த மொதக் கூட்டத்துல இருந்தான், அதனால புஸ்தகத்துலயும் சினிமாவுலயும் நம்ம ஆளு பின்னால மங்கலா நிக்கிற கூலி. தாய்லாந்துல காஞ்சனாபுரி கல்லறையில கிட்டத்தட்ட 7,000 போர்க்கைதிங்களுக்கு வரிசையா கல்லு இருக்கு. நீங்க தாத்தாவ 'நான்'னு பேச வைக்க ஆசப்பட்டதுக்கு இதுதான் காரணம்னு நெனக்கிறேன், அந்தக் கோவம் எனக்கும் உண்டு. ஆனா தாத்தா பேசலயேம்மா. நீங்களே எழுதியிருக்கீங்க, வாயே தொறக்கலன்னு. பேசாத மனுஷன் வாயில பதினாலு பக்கம் வச்சது எனக்கு உறுத்துது.

உங்ககிட்ட இருக்கிற கதைசொல்லி பாட்டி. பாட்டி ரயில பாத்ததே இல்ல. சில மாச வேலை, நல்ல சம்பளம்னு கூட்டிட்டுப் போனாங்க, லயத்துல மரவள்ளிக்கெழங்கு, கையில வாழமரம் போட்ட ஜப்பான் நோட்டு, கடுதாசி கெடையாது. பாட்டி சொல்ற கதையில பாலம் வராது, சப்பானிய சிப்பாய் வரமாட்டான், முகாம் எப்படி இருந்துச்சுன்னு ஒரு வரி வராது. வர வேணாம். கடிதத்துல பாட்டி சொன்னதா ஒண்ணு எழுதியிருந்தீங்க (அத இங்க வெட்டிட்டேன், கதைக்கே இருக்கட்டும்), தாத்தா திரும்பி வந்த மொத ராத்திரி சோத்த எப்படி சாப்பிட்டாருன்னு. ரெண்டு வெர்ஷன்லயும் அது இல்ல! அதான் கதை லா. அத பாட்டி உங்கம்மாகிட்ட சொல்றப்ப ஒரு மாதிரி சொல்லியிருப்பாங்க, பேத்திகிட்ட ஒரு மாதிரி, தாத்தா வாசல்ல உக்காந்திருந்தா குரல எறக்கிட்டு வேற மாதிரி. அதுல எத எழுதப் போறீங்கன்னு மொதல்ல முடிவு பண்ணுங்க, என்னக் கேட்டா மூணாவது.

திருத்தி எழுதினா அனுப்புங்க. எட்டு பக்கத்துக்கு மேல போக வேணாம், 415ஐ மட்டும் எடுத்துடுங்க.