கூட்டத்தோடு நானும் நின்றுவிட்டேன், எனக்குக் கல்நெஞ்சமா?

இல்லை. படியில் ஒருவர் மயங்கி விழுந்தபோது நீங்கள் அசையாமல் நின்றதற்குப் பெரும்பாலும் காரணம் சுற்றியிருந்த கூட்டம்தான்.

அப்படி நடந்ததும் நாம் பக்கத்தில் இருப்பவர் முகத்தைப் பார்க்கிறோம். அவரும் நம் முகத்தைப் பார்க்கிறார். யாரும் பதறாததால், பெரிதாக ஒன்றும் இல்லை போல என்று எல்லோருக்குமே தோன்றிவிடுகிறது. 1968-இல் லாடனே, டார்லி என்ற உளவியலாளர்கள், சிலரை உட்காரவைத்துப் படிவம் நிரப்பச் சொல்லிவிட்டு, அந்த அறைக்குள் புகையை விட்டுப் பார்த்தார்கள். தனியாக இருந்தவர்களில் 75 சதவீதம் பேர் வெளியே போய்ச் சொன்னார்கள். கண்டுகொள்ளாமல் இருக்கும்படி முன்பே சொல்லிவைக்கப்பட்ட இருவரோடு உட்கார்ந்தவர்களில் 10 சதவீதம்தான். மற்றவர்கள் இருமிக்கொண்டும் புகையைக் கையால் விலக்கிக்கொண்டும் படிவத்தை நிரப்பிக்கொண்டே இருந்தார்கள்!

நீங்கள் மட்டும் அங்கே இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? ஓடிப்போய்த் தூக்கியிருப்பேன் என்றால், இரக்கத்துக்கு ஒரு குறையும் இல்லை. அடுத்த முறை ஒருவரைக் கைகாட்டி, "நீலச் சட்டை அண்ணா, ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணுங்க" என்று சொல்லுங்கள். பொதுவாகக் கத்தினால் ஒவ்வொருவரும் அடுத்தவரைத்தான் பார்ப்பார்கள்.

ஆனால் கூட்டம் என்றாலே இப்படித்தான் என்று இதைச் சாக்காக்க முடியாது. 2019-இல் வெளியான ஓர் ஆய்வில், கேமராவில் பதிவான தெருச் சண்டைகளில் பத்துக்கு ஒன்பதில் யாரோ ஒருவராவது குறுக்கே போயிருக்கிறார்.

சரி, விழுந்தவர் இப்போது எப்படி இருக்கிறார்? தெரிந்தால் எழுதுங்கள்.