பைபாஸ் அறுவை: எந்த மயக்க மருந்து இதயத்தைக் காக்கும்?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 62. பைபாஸ் அறுவைக்கு நாள் குறித்திருக்கிறார்கள். மூச்சுவழி மயக்க மருந்து இதயத்தைப் பாதுகாக்கும், ஊசிவழி மருந்துக்கு அந்தக் குணம் இல்லை என்று படித்தேன். மூச்சுவழி மருந்துதான் வேண்டும் என்று வற்புறுத்தலாமா?

பதில்: வேண்டாம். ஆனால் நீங்கள் படித்தது ஆதாரமில்லாத செய்தி அல்ல.

1986-ல் வெளியான ஓர் ஆய்வில், நாய்களின் இதய ரத்தக்குழாயை ஐந்தைந்து நிமிடமாக நான்கு முறை அடைத்துத் திறந்துவிட்டு, அதன்பின் 40 நிமிடம் அடைத்து வைத்தார்கள். எடுத்த எடுப்பில் 40 நிமிடம் அடைக்கப்பட்ட நாய்களோடு ஒப்பிட்டால், இவற்றின் இதயத்தசை சேதம் கால் பங்குதான். சிறு ரத்தத் தட்டுப்பாடு, பெரிய தட்டுப்பாட்டைத் தாங்க இதயத்தைப் பழக்கிவிடுகிறது. ஐசோஃப்ளூரேன், செவோஃப்ளூரேன் போன்ற மூச்சுவழி மருந்துகளும் இதே தற்காப்பைத் தூண்டுவது பின்னர் தெரியவந்தது. அறுவைக்குப் பிறகு, இதயத்தசை சேதத்தைக் காட்டும் ட்ரோபோனின் அளவு இவற்றால் குறைந்ததாகச் சிறிய ஆய்வுகள் சில கூறின. எங்கள் மயக்க மருத்துவத் துறையில் நம்பிக்கை வளர்ந்தது இப்படித்தான்.

ஆனால் ட்ரோபோனின் குறைந்தால் உயிர் பிழைப்பது கூடுமா? 13 நாடுகளில் 5,400 பைபாஸ் நோயாளிகளிடம் இதைச் சோதித்து, 2019-ல் முடிவை வெளியிட்டார்கள். ஓராண்டுக்குள் இறந்தவர்கள் மூச்சுவழி மருந்துப் பிரிவில் 2.8 சதவீதம், ஊசிவழிப் பிரிவில் 3 சதவீதம். இதை வேறுபாடு என்று கொள்ள முடியாது.

இதயத்தை நிறுத்திச் செய்யும் அறுவையில், பொட்டாசியம் கலந்த கரைசலைச் செலுத்தித் துடிப்பை அடக்குகிறோம். பெரும்பாலும் குளிரூட்டியும் வைக்கிறோம். ஓய்ந்த இதயத்துக்கு ஆக்சிஜன் தேவை மிகக் குறைவு. இவ்வளவு வலுவான காப்பு ஏற்கெனவே இருக்கும்போது, மயக்க மருந்தால் கூடுதலாகச் சேர்வது கொஞ்சமே என்பது என் கருத்து.

மருந்தின் பெயரைவிட, மயக்க மருத்துவரிடம் நீங்கள் சொல்லும் தகவல்கள்தான் முக்கியம். மயக்கம் கொடுத்தபோது ரத்த உறவினர் யாருக்காவது கடும் காய்ச்சலும் தசை விறைப்பும் வந்ததுண்டா? இருந்தால் தவறாமல் சொல்லுங்கள். அந்தப் பரம்பரைக் கோளாறு உள்ளவருக்கு மூச்சுவழி மருந்தே ஆபத்து. அப்பா பீட்டா பிளாக்கர் (இதயத் துடிப்பின் வேகத்தைக் குறைப்பது) மாத்திரை சாப்பிட்டு வந்தால் நீங்களாக நிறுத்தாதீர்கள். ரத்தம் உறைவதைத் தடுக்கும் குளோபிடோக்ரெல் போன்ற மாத்திரையை எந்தத் தேதியில் நிறுத்த வேண்டும், அறுவையன்று காலை எவற்றைக் கொடுக்கலாம் என்பதை மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.