அக்கா படித்த பாஸ்புக்

ஐயா, வணக்கம்.

2024 பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவில் நம் வேலூர் மாவட்டம் மாநிலத்திலேயே கடைசி, 82.07 சதவீதம். என் அக்கா மகன் அதில் தேறியவன். இப்போது ஆம்பூரில் ஷூ கம்பெனி வேலை. எட்டாவதோடு நின்ற அவன் கூட்டாளியும் அங்கேதான், இவனைவிட அதிகச் சம்பளத்தில். பத்து வருஷம் அரசுப் பள்ளிக்குப் போய் என்ன பலன்? அந்தப் பள்ளிகளின் நோக்கம்தான் என்ன?

ஒரு வாசகி, குடியாத்தம்

அன்புள்ள சகோதரி,

கூலியை வைத்துப் பார்த்தால் நீங்கள் சொல்வது சரிதான். எங்கள் வீட்டுக் கணக்கு ஒன்று இருக்கிறது, கேளுங்கள்.

அம்மா பேரணாம்பட்டில் பீடி சுற்றினாள். ஏஜெண்டு இலையும் தூளும் நிறுத்துக் கொடுப்பார். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு கூலி. கொண்டுபோய்க் கொடுக்கும்போது ‘சரியில்லை’ என்று கொஞ்சத்தைக் கழித்துவிடுவார். கழித்ததற்குக் கூலி கிடையாது, அந்தப் பீடி திரும்பியும் வராது. பீடிக் கணக்கு எழுதும் பாஸ்புக்கில் என்ன எழுதினார் என்பது அம்மாவுக்குத் தெரியாது. என் அக்கா ஆறாவது படிக்கும்போது ஒருநாள் கூடப் போனாள். புத்தகத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, “ஆயிரத்துல நூறுதானே கழிச்சீங்க, எண்ணூறுன்னு போட்டிருக்கீங்களே?” என்றாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. அம்மாவிடம், “பொண்ணை ஸ்கூலுக்கு அனுப்புறியா?” என்றார். அடுத்த வாரத்திலிருந்து கழிப்பது குறைந்தது. நிற்கவில்லை, குறைந்தது.

அக்காவும் பத்தாவது தாண்டவில்லை. அவளும் பீடிதான் சுற்றினாள், அதே கூலிக்கு. ஆனால் தெருவில் ஏழெட்டு வீட்டுப் பாஸ்புக் அவள் கைக்கு வந்துவிட்டுத்தான் போகும்.

எழுதியிருப்பதை யார் தயவும் இல்லாமல் படித்து, தப்பென்றால் தப்பு என்று கேட்கவைப்பது. அரசுப் பள்ளி எதற்கு என்றால் நான் முதலில் சொல்வது இதைத்தான். அரசியல் சட்டத்தின் 45வது பிரிவு, பத்து ஆண்டுகளுக்குள் 14 வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசக் கட்டாயக் கல்வி தர அரசு முயல வேண்டும் என்றது. 1960இல் முடிந்திருக்க வேண்டிய காரியம். அடிப்படை உரிமையாக அரசியல் சட்டத்தில் ஏறியது 2002இல். அதற்கான சட்டம் நடைமுறைக்கு வந்தது 2010இல். அதற்குள் அக்காவுக்குப் பேரனே பிறந்துவிட்டான்.

இன்னொன்று. அந்த ஏஜெண்டின் மகளும் அக்காவின் வகுப்பில்தான் படித்தாள், பக்கத்துப் பெஞ்சு. எல்லா வீட்டுப் பிள்ளையும் அந்தந்த வட்டாரத்துப் பள்ளியிலேயே சேர்ந்து படிக்க வேண்டும் என்று 1966இல் கோத்தாரி கல்விக் குழு பரிந்துரைத்தது. எங்கள் ஊரில் பரிந்துரை இல்லாமலே அது நடந்துகொண்டிருந்தது. இப்போது அந்தப் பெண்ணின் பேத்தியை தனியார் பள்ளியின் மஞ்சள் வேன் வந்து ஏற்றிப்போகிறது. நாம் இழந்ததில் பெரியது இது என்பேன், சதவீதம் அல்ல.

கடைசி இடம் வெட்கம்தான், மறுக்கவில்லை. ஆனால் நூறு சதவீதத் தேர்ச்சி காட்டுவதற்காக ஒன்பதாவதிலேயே சுமாராகப் படிக்கிற பிள்ளையை டி.சி. வாங்கிக்கொண்டு போகச் சொல்வதும் நடக்கிறது. (எந்தப் பள்ளி என்று கேட்காதீர்கள்.) அந்தப் பிள்ளை எந்தக் கணக்கிலும் வராது.

உங்கள் அக்கா மகனிடம் சம்பளச் சீட்டைக் கேளுங்கள். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்ததில் 12 சதவீதம் பி.எஃப். பிடித்திருக்கிறார்களா என்று அவனையே கணக்குப் போடச் சொல்லுங்கள். போடத் தெரியாவிட்டால் உங்கள் கோபம் நியாயம், நானும் சேர்ந்துகொள்கிறேன். தெரிந்தால், அந்தக் கூட்டாளியின் சீட்டையும் வாங்கிப் பார்த்துத் தரச் சொல்லுங்கள்.