பத்துப் பேய்க்கு ஓர் இரவு போதாது

கேள்வி: ஒக்டோபர் 31 ஹலோவீன் இரவுக்கு நாங்கள் ஆறு சிநேகிதிகள் எங்கள் வீட்டில் கூடி, விடிய விடியப் பேய்ப்படம் பார்க்கப் போகிறோம். பத்து நல்ல படம் சொல்லுங்கள். ஒன்பது வயதுத் தம்பியும் கூட இருப்பான். "செத்த ஆக்களோட என்ன விளையாட்டு, இது எங்கட பழக்கமில்லை" என்று அம்மம்மா ஏசுகிறா. அவவுக்கு என்ன பதில் சொல்வது?
– வாசகி ஒருத்தி, நிலாவெளி, திருகோணமலை

பதில்: பத்துப் படமா? ஒரு படம் இரண்டு மணி நேரம் என்று வைத்தாலும் இருபது மணி நேரம். இரவு எட்டு மணிக்குத் தொடங்கினால் அடுத்த நாள் பின்னேரம் நாலு மணிக்குத்தான் எழும்புவீர்கள். நிலாவெளி வெயிலில் எந்தப் பேய் வரும்? மூன்றாவது படத்தோடு நாலு பேர் நித்திரை, ஒருத்தி போனோடு மூலையில். மிச்சம் நீங்கள் ஒருத்திதான். எனக்கு எப்படித் தெரியும் என்றால், இந்தப் பிழையை நாங்கள் எப்போதோ செய்து முடித்துவிட்டோம்.

எண்பதுகளில் ரீவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்து ஒரே இரவில் ஐந்து கசெற் ஓட்டுவோம். முற்றத்தில் பாய், கதிரையில் ரீவி, மாமரத்துக்குப் பின்னால் ஜெனரேற்றர். அது போடுகிற சத்தத்தில் பாதி வசனம் கேட்காது. சண்டைப் படம் இரண்டு, அழுகைப் படம் ஒன்று முடிந்து, நாலாவதாகப் பேய்ப்படம். வெள்ளைச் சேலை வந்தது, கொலுசு வந்தது, நாய் ஊளையிட்டது. ஒருவரும் அசையவில்லை; கச்சான் கொறிக்கிற சத்தம்தான். அந்த நேரம் பார்த்து ஜெனரேற்றரில் எண்ணெய் முடிந்தது. படம் ஒரு வெள்ளைப் புள்ளியாகச் சுருங்கி அணைந்தது. அதுவரை கேட்காத கடல் கேட்டது. பிறகு கிணற்றடியில் வாளி எதிலோ பட்டு 'டிங்' என்றது. அவ்வளவுதான். பதினைந்து பேர் இருந்தோம், எண்ணெய்க் கலனை எடுத்துவரக் கொட்டில் மட்டும் போக ஒருவர் இல்லை. அந்தப் படத்தின் பெயர் இன்றைக்கு எனக்கு நினைவில் இல்லை. வாளி நினைவில் இருக்கிறது.

ஆகவே மூன்று படம் சொல்கிறேன். அதிலும் இரண்டைத்தான் பார்ப்பீர்கள்.

முதலாவது 'யாவரும் நலம்', 2009, விக்ரம் குமார் எடுத்தது. ஒரு கூட்டுக் குடும்பம் அடுக்குமாடியின் பதின்மூன்றாம் மாடிக்குக் குடிவருகிறது. பெண்கள் மத்தியானத்தில் 13ஆம் சனலில் ஒரு சீரியல் பார்க்கிறார்கள். சீரியல் குடும்பத்துக்கு என்ன நடக்கிறதோ அது இந்த வீட்டிலும் நடக்கிறது. மாதவன் தனியாக ஏறினால் லிஃப்ட் நகராது. வேறு யாராவது கூட ஏறினால் நகரும். பேய்க்குப் பாழடைந்த பங்களா தேவையில்லை, பால் கொதிக்கிற அடுப்படியும் சாமி அறையும் போதும் என்று காட்டிய படம். இதற்கு அம்மம்மாவையும் கூப்பிட்டு இருத்துங்கள். நாள் தவறாமல் சீரியல் பார்க்கிறவர்களை இந்தப் படம் வேறு இடத்தில் கடிக்கும்.

இரண்டாவது 'தி அதர்ஸ்', 2001. நிக்கோல் கிட்மன் நடித்தது. 1945இல், ஜேர்சித் தீவில் ஒரு பெரிய வீடு. இரண்டு பிள்ளைகளுக்கும் வெளிச்சம் பட்டால் ஆகாத வருத்தம். அதனால் ஒரு கதவைப் பூட்டாமல் அடுத்த கதவைத் திறக்கக் கூடாது என்பது அந்த வீட்டுச் சட்டம். வீட்டில் கரண்டும் கிடையாது. ஒக்டோபரில் பின்னேரம் இடிமழை பிடித்தால் உங்கள் வீட்டு நிலைமையும் அதுதான், ஆகவே பொருந்தும். முடிவு தெரிந்த சிநேகிதி யாராவது இருந்தால் வாய் நிறைய முறுக்கைக் கொடுத்து வையுங்கள்.

மூன்றாவது, நாளின் பெயரையே வைத்துக்கொண்ட 'ஹலோவீன்', 1978. ஜோன் கார்பென்டர் ஏறக்குறைய 3 லட்சம் டொலரில் எடுத்த படம். கொலைகாரனின் முகமூடி, கடையில் இரண்டு டொலருக்கு வாங்கிய, 'ஸ்டார் ட்ரெக்' என்ற விண்வெளித் தொடரின் கப்டன் முகம்தான். வெள்ளைச் சாயம் பூசிக் கண்களை வெட்டிப் பெரிதாக்கினார்கள். கதை இலையுதிர் காலம், படம்பிடித்ததோ கலிபோர்னியா வசந்தத்தில். ஆகவே இலைகளுக்கும் சாயம் பூசித் தெருவில் கொட்டி, காட்சி முடிந்ததும் கூட்டி அள்ளி அடுத்த காட்சிக்குக் கொண்டுபோனார்கள். இசையும் கார்பென்டரே. பியானோவில் ஒரே துண்டு திரும்பத் திரும்ப வரும், ஐந்து தட்டுக் கணக்கில். உங்களில் மிருதங்கம் படித்தவள் இருந்தால் தொடையில் 'தகதகிட' போட்டுப் பார்க்கட்டும், அப்படியே உட்காரும். கால் வைக்க நாலு படியை எதிர்பார்க்கிற மனதுக்கு ஐந்தாவது படி வந்துகொண்டே இருக்கிறது. பயத்தில் பாதி அங்கேதான். படத்தில் இரத்தம் நீங்கள் நினைப்பதைவிட மிகக் குறைவு. ஒருவன் வேலிக்கு அப்பால் நிற்கிறான், திரும்பிப் பார்த்தால் இல்லை. அவ்வளவையும் வைத்துத்தான் ஒன்றரை மணி நேரம் ஓட்டுகிறார்.

'காஞ்சனா', 'அரண்மனை' எல்லாம் ஏன் இல்லை என்று கேட்பீர்கள். அவை பேய் வருகிற சிரிப்புப் படங்கள். 2011 'காஞ்சனா'வில் சரத்குமார் திருநங்கையாக வந்து நிற்கிற மிடுக்குக்காக எத்தனை தரமும் பார்க்கலாம், ஆனால் பயத்துக்கு அது மருந்து, நோயில்லை. திடீரென்று காதருகில் பாத்திரத்தைப் போட்டு உடைக்கிற படங்களையும் தவிர்த்துவிட்டேன். அப்படி வெருட்ட எங்கள் வீட்டுப் பூனைக்கும் தெரியும்.

தம்பி விஷயம். அவன் இருக்கும்வரை மூன்றாவதைத் தொடக்கூடாது, முதலாவதையும் யோசித்துத்தான். 'தி எக்ஸோர்சிஸ்ட்' பக்கம் போகவே வேண்டாம். பின்னேரமே அவனுக்கு 'மை டியர் குட்டிச்சாத்தான்' போட்டுக் காட்டுங்கள். 1984இல் வந்தது, இந்தியாவின் முதல் முப்பரிமாணப் படம். பேய்ப்படம் பார்த்துவிட்டேன் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொள்ள அவனுக்கு அது போதும். 'அக்கா ஆக்கள் பார்க்கிறதைத்தான் பார்ப்பேன்' என்று அடம்பிடித்தால் பார்க்க விடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். ஒரு மாதத்துக்கு இரவில் கழிப்பறைக்குத் துணை போகப்போவது நீங்கள்தான்.

இனி அம்மம்மா. அவ சொல்வதில் பாதி சரி. ஹலோவீன், அயர்லாந்துப் பக்கத்துப் பழைய கெல்டிக் மக்கள் அறுவடை முடிந்து குளிர் தொடங்கும் நாளில் கொண்டாடியதிலிருந்து வந்தது. பூசணிக்காயைக் குடைந்து விளக்கு வைப்பது அமெரிக்காவில் சேர்ந்தது. அயர்லாந்தில் குடைந்தது டேர்னிப் கிழங்கை. அடுத்த இரண்டு நாளும் கிறிஸ்தவர்களுக்குச் சகல புனிதர், சகல ஆத்துமாக்கள் தினங்கள். நவம்பர் 2 அன்று சவக்காலைக்குப் போய்ப் பாருங்கள், கல்லறை கல்லறையாக மெழுகுதிரி எரியும். ஆடி அமாவாசைக்கு நாங்கள் கடலில் நீராடித் தர்ப்பணம் செய்கிறோம். திருகோணமலைக்குப் பக்கத்தில் கன்னியாவில் இராவணன் தாய்க்குக் கிரியை செய்ததாகச் சொல்லப்படும் ஏழு வெந்நீர்க் கிணறுகள் இருக்கின்றன, உங்களுக்குத் தெரியாததா? செத்தவர்களை நினைக்கிற நாள் எங்களுக்கும் உண்டு. நாங்கள் சோறு வைக்கிறோம், அவர்கள் வேடம் கட்டுகிறார்கள். அம்மம்மாவுக்குப் பதில் சொல்லப் போகாதீர்கள். படம் தொடங்க முன்னம் அவவை நடுவில் இருத்தி, கோணேசர் கோயில் இருக்கிற சுவாமி மலையில் 1687 என்று பொறித்த ஒல்லாந்தர் தூணைப் பற்றிக் கேளுங்கள். காதலன் கப்பல் ஏறிப் போவதைப் பார்த்துப் பாறையிலிருந்து குதித்த பெண்ணின் கதை வரும். ஆளுக்கொரு முடிவு சொல்வார்கள். அவவின் முடிவு எது என்று எனக்கும் எழுதுங்கள்.

கடைசியாக, போன்கள் எல்லாம் சமையலறையில் ஒரு சட்டிக்குள். கரண்ட் போனால் உடனே டோர்ச் தேட வேண்டாம், ஐந்து நிமிடம் அப்படியே இருந்து பாருங்கள்.

என்னையும் கூப்பிடலாம் என்று நினைத்தால், மன்னிக்க வேண்டும். படம் முடிந்து டவுனுக்குத் திரும்புகிற வழியில் உப்புவெளி யுத்த மயானம் இருக்கிறது. அந்த நேரத்தில் அந்தக் கற்களைத் தாண்டி மோட்டார் சைக்கிளில் தனியாக வர நான் தயாரில்லை.