அம்மாவின் மறதி அல்சைமர்தானா?

கேள்வி: என் அம்மாவுக்கு 72 வயது. ஒரு வருடமாக மறதி கூடிக்கொண்டே போகிறது. சாப்பிட்டு அரை மணி நேரம்கூட ஆகாமல், ‘இன்னும் சோறு போடலையா?’ என்கிறார். வளையலை எங்கோ வைத்துவிட்டு, வேலைக்கு வரும் பெண் எடுத்துவிட்டதாகச் சொல்கிறார். பாட்டியும் கடைசிக் காலத்தில் இப்படித்தான் இருந்தார். இது அல்சைமரா? அலுமினியப் பாத்திரத்தில் சமைத்ததால் வந்ததா? குணப்படுத்த முடியுமா? எனக்கும் வருமா?

பதில்: வயதானால் ஆள் பெயர் சட்டென்று வராது, கண்ணாடியை வைத்த இடம் தெரியாது. அதெல்லாம் இயல்பு. சற்று முன் சாப்பிட்டதே நினைவில் இல்லை என்பது அந்த ரகம் இல்லை, கட்டாயம் பார்க்க வேண்டியது. அதற்காக அல்சைமர் என்று இப்போதே முடிவு கட்டிவிடாதீர்கள்.

ஏனென்றால், சரிசெய்யக்கூடிய காரணங்களாலும் மறதி வரும். தைராய்டு சுரப்புக் குறைவு, வைட்டமின் பி12 குறைவு, ரத்தத்தில் சோடியம் குறைவது, மன அழுத்தம் எல்லாம் அந்த வரிசையில் உண்டு. சர்க்கரைக்குப் பல வருடங்களாக மெட்ஃபார்மின் சாப்பிடுபவர்களுக்கு பி12 குறையலாம். அம்மா சமீபத்தில் எங்காவது வழுக்கி விழுந்தாரா என்றும் யோசித்துப் பாருங்கள். லேசாகத் தலையில் அடி பட்டால்கூட, வயதானவர்களுக்கு உள்ளே ரத்தம் வாரக்கணக்கில் மெல்லக் கசிந்து மூளையை அழுத்தலாம். அப்புறம், மாத்திரைகள். தூக்க மாத்திரை, தூக்கம் வரவழைக்கும் பழைய ரக அலர்ஜி மாத்திரை, சிறுநீரை அடக்க முடியாததற்குத் தரும் சில மருந்துகள், இவையெல்லாம் நினைவைக் குழப்பும். அதனால் மருத்துவரிடம் போகும்போது வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். ரத்தப் பரிசோதனை, நினைவாற்றல் சோதனை, தலைக்கு எம்ஆர்ஐ அல்லது சிடி ஸ்கேன், இவ்வளவும் பார்த்த பிறகுதான் எதையும் சொல்ல முடியும்.

அல்சைமராகவே இருந்தால் என்ன நடக்கிறது? 1906-ல் ஜெர்மானிய மருத்துவர் அலோய்ஸ் அல்சைமர், மறதியும் சந்தேகமுமாக வாழ்ந்து இறந்த ஒரு பெண்ணின் மூளையை ஆராய்ந்து இரண்டு மாற்றங்களை விவரித்தார். நரம்பு செல்களுக்கு வெளியே படியும் திட்டுகள், உள்ளே முறுக்கிக்கொள்ளும் இழைகள். திட்டுகள் அமிலாய்டு என்ற புரதம், இழைகள் டௌ என்ற புரதம் என்று பிறகு தெரிந்தது. புதிய நினைவுகளைப் பதிய வைக்கும் ஹிப்போகாம்பஸ் பகுதி பெரும்பாலும் ஆரம்பத்திலேயே பாதிக்கப்படும். அதனால்தான் கல்யாணத்தன்று கட்டிய புடவையின் நிறம் நினைவிருக்கும், காலையில் சாப்பிட்ட இட்லி நினைவிருக்காது. இந்தப் படிவு, மறதி தெரிய ஆரம்பிப்பதற்குப் பத்து, இருபது வருடங்களுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. ஏன் தொடங்குகிறது என்பதற்கு ஒற்றைக் காரணம் கிடையாது. வயதுதான் முதல் காரணி. அலுமினியப் பாத்திரத்தால் வருகிறது என்பதற்கு ஆதாரம் இல்லை. அம்மாவின் சமையலறையைக் குறைசொல்லி மனதைப் புண்படுத்த வேண்டாம்.

உங்களுக்கும் வருமா? பாட்டிக்கு இருந்தது அல்சைமர்தானா என்பதே தெரியாது. அம்மாவுக்கு இருந்தாலும் உங்களுக்கு வாய்ப்பு ஓரளவு கூடுமே தவிர, வந்தே தீரும் என்று இல்லை. பெற்றோரிடமிருந்து நேரடியாக வரும் மரபணு வகை மிக அரிது, அது பெரும்பாலும் 65 வயதுக்கு முன்பே வந்துவிடும். உங்கள் கையில் இருப்பதும் நிறைய. ரத்த அழுத்தம், சர்க்கரை, கெட்ட கொழுப்பு, புகை, மது, காது கேளாமை, தனிமை என 14 காரணிகளை 2024-ல் லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு பட்டியலிட்டது. அவற்றைச் சரிசெய்தால் உலகில் மறதி நோய்களில் சுமார் 45 சதவீதத்தைத் தவிர்க்கவோ தள்ளிப்போடவோ வாய்ப்பு உண்டு என்பது அந்தக் குழுவின் கணிப்பு. காது கேட்கும் கருவியை ‘வயசானவங்க சமாச்சாரம்’ என்று தள்ளிப்போடுபவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

முழுமையாகக் குணப்படுத்தும் மருந்து இன்றைக்கு இல்லை. டோனெபெசில், ரிவாஸ்டிக்மின், நோய் முற்றும்போது மெமன்டின், இவை சில காலம் அன்றாட வேலைகளைச் சமாளிக்க உதவும். டோனெபெசிலால் வாந்தி, வயிற்றுப்போக்கு வரலாம், நாடித்துடிப்பு குறையலாம். இதயத் துடிப்பில் பிரச்சினை இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அமெரிக்காவில் 2023-ல் லெகானெமாப், 2024-ல் டோனானெமாப் என்ற ஊசி மருந்துகளுக்கு அனுமதி கிடைத்தது. அமிலாய்டை அகற்றும் இவை, ஆரம்ப நிலையில் மட்டும் நோயின் வேகத்தை ஓரளவு குறைக்கின்றன. மூளையில் வீக்கம், ரத்தக்கசிவு வரும் அபாயம் இருப்பதால் அடிக்கடி எம்ஆர்ஐ எடுக்க வேண்டும். நினைவு திரும்பிவிடும் என்று நம்பி யாரும் சேமிப்பைக் கரைக்கக் கூடாது என்பது என் கருத்து.

மருந்தைவிட வீட்டில் நடப்பதுதான் அம்மாவின் நாளைத் தீர்மானிக்கும். ‘இப்பதானே சாப்பிட்டீங்க’ என்று வாதாடினால், தன்னைப் பட்டினி போடுவதாகவே அவருக்குத் தோன்றும். ‘இதோ வரேம்மா’ என்று இரண்டு துண்டு பழமோ கொஞ்சம் மோரோ கொடுங்கள். வளையல் காணோம் என்றால், ‘வாங்க, சேர்ந்து தேடலாம்’ என்று கூடவே தேடுங்கள். அரிசி டப்பா, தலையணை உறை, புடவை மடிப்பு, இப்படி வழக்கமாக வைக்கும் இடங்கள் சில நாளிலேயே உங்களுக்குப் பிடிபட்டுவிடும். வேலைக்கு வரும் பெண்ணிடம், இது நோயின் குணம், அம்மாவின் மனசு இல்லை என்று நீங்களே சொல்லிவிடுங்கள். பாவம், அவர் பழியோடு வீடு திரும்பக் கூடாது. சமைத்து முடித்ததும் கேஸ் ரெகுலேட்டரை மூடுங்கள். அம்மாவின் பெயரும் உங்கள் போன் எண்ணும் எழுதிய அட்டையை அவர் எப்போதும் கொண்டுபோகும் பையில் வையுங்கள்.

அடுத்த வாரமே நரம்பியல் மருத்துவரையோ முதியோர் நல மருத்துவரையோ பாருங்கள். மறதி எப்போது தொடங்கியது, மெல்ல வந்ததா திடீரென்று வந்ததா என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். அதற்குள் திடீரென்று குழப்பம் அதிகமானால், அல்லது காய்ச்சலோ கடும் தலைவலியோ கை கால் பலவீனமோ வந்தால், அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப் போய்விடுங்கள்.