மனிதர்களுக்கு எழுதிய கையேடு இருக்கும்போது, ஏஐ ஏஜென்ட்டுக்கு எனத் தனியாக விளக்கம் எழுத வேண்டுமா?

உங்களிடம் நல்ல கையேடு ஒன்று இருக்கிறது, மேலாளர் அதை ஓரமாக வைத்துவிட்டு, ஏஜென்ட் (சொன்ன வேலையை மென்பொருளில் தானே செய்யும் ஏஐ) பயன்படுத்தும் ஒவ்வொரு கருவிக்கும், அதாவது இருப்பைத் தேடுவது போன்ற ஒவ்வொரு மென்பொருள் செயலுக்கும், விளக்கத்தைத் திரும்ப எழுதச் சொல்கிறார் என்று நினைக்கிறேன். எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனாலும் எழுதுங்கள். பதினெட்டு ஆண்டுகளாக மென்பொருள் கையேடு எழுதிப் பிழைக்கிறவள் நான். போன பிசானம் நெல் அறுவடை வரைக்கும் எனக்கும் அந்த எரிச்சல் இருந்தது.

கல்லிடைக்குறிச்சியில் வீட்டிலிருந்தபடி வேலை பார்க்கிறேன். எங்கள் மென்பொருளை அம்பாசமுத்திரம் பக்கத்து அரிசி ஆலைகள் சில பயன்படுத்துகின்றன. நெல் இருப்பைத் தேடித் தரும் கருவிக்கு 'ரகம்', 'பருவம்' என இரண்டு விவரங்கள் தர வேண்டும். பருவத்துக்கு நேரே நான் எழுதியிருந்தது 'சாகுபடிப் பருவம்' என்பது மட்டும். ஆலைக் கணக்கர்களுக்கு அது போதும். பாபநாசம் அணைத் தண்ணீரை நம்பி ஜூன் வாக்கில் தொடங்குவது கார், வடகிழக்குப் பருவமழையோடு தொடங்குவது பிசானம் என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

ஏஜென்ட்டை இணைத்த இரண்டாவது வாரம், ஆலை உரிமையாளர் அண்ணாச்சி ஒருவர், "மழைக்கால நெல்லில் அம்பை 16 ரகம் எவ்வளவு இருக்கிறது?" என்று அதனிடம் கேட்டிருக்கிறார். அது பருவத்தில் 'சம்பா' என்று நிரப்பிவிட்டது. தஞ்சாவூர்ப் பக்கத்துச் சொல். எங்கள் கருவியும் பிழை எதுவும் காட்டாமல் காலிப் பட்டியலைத் திருப்பி அனுப்பியது. 'அம்பை 16 இருப்பு இல்லை' என்று ஏஜென்ட் சொல்ல, அவர் அதை நம்பிக் கேரள வியாபாரி ஒருவருக்குக் கைவிரித்துவிட்டார். சாயங்காலம் கிடங்கைத் திறந்தால் சுவர் உயரத்துக்கு மூட்டை அடுக்கியிருக்கிறது. போனில் அவர் சத்தம் போடவில்லை. "தங்கச்சி, நான் கையால் தொட்டு அடுக்கிய நெல்லை இல்லை என்று சொல்லிவிட்டதே" என்றார். அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

கணக்கருக்குச் சந்தேகம் வந்தால் பக்கத்து மேஜையில் கேட்பார். ஏஜென்ட் பல நேரங்களில் கேட்பதில்லை. பொருத்தமாகத் தோன்றுவதை நிரப்பிக்கொண்டு போய்விடும். நாமாக எடுத்துக் கொடுத்தால் ஒழிய, உங்கள் கையேடு அதன் கண்ணில் படாது. கருவியின் பெயர், விளக்கம், தர வேண்டிய விவரங்களின் வரையறை, இவைதான் அதற்குத் தெரியும். ஏஐயை வெளிக் கருவிகளோடு இணைப்பதற்காக 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் வெளியிட்ட எம்சிபி நெறிமுறையிலும் கருவிகள் இப்படித்தான் தங்களை அறிமுகப்படுத்திக்கொள்கின்றன.

இப்போது அந்த இடத்தில் இருப்பது இது: 'பருவம்: கார் அல்லது பிசானம் மட்டும். கார் ஜூன் வாக்கில் தொடங்குவது. பிசானம் அக்டோபர் வாக்கில் மழையோடு தொடங்குவது. குறுவை, சம்பா, தாளடி என்று தரக் கூடாது. எந்தப் பருவம் என்று தெளிவாக இல்லையென்றால் பயனரிடம் கேட்கவும்.' ரகத்துக்கு நேரே, அம்பை 16 என்பதும் ஏஎஸ்டி 16 என்பதும் ஒன்றே என்று சேர்த்தேன். அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையத்தின் ரகம். விதைப் பையில் ஒரு பெயர், வாய்ச்சொல்லில் ஒரு பெயர். காலிப் பட்டியலுக்குப் பதிலாக, '"சம்பா" என்ற பருவம் இல்லை. கார், பிசானம் இரண்டில் ஒன்றைத் தரவும்' என்று பிழைச்செய்தி வரும்படி நிரலரிடம் சொல்லி மாற்றவைத்தேன். வேண்டுமென்றே தப்பாகக் கேட்டுப் பார்த்தோம். அதைப் படித்துவிட்டு ஏஜென்ட் மறுமுறை தானே திருத்திக்கொண்டது.

நிரலிலேயே இரண்டு மதிப்புகளை மட்டும் அனுமதித்தால் போதுமே என்று யாராவது சொல்வார்கள். அதையும் செய்திருக்கிறோம். ஆனால் 'மழைக்கால நெல்' என்றால் பிசானம் என்பதை நிரல் சொல்லாது, வாக்கியம்தான் சொல்லும். ஏஜென்ட் படிக்கும் சொற்களுக்கும் கட்டணம் உண்டு என்பதால், நீளமாக எழுதினால் செலவு கூடும் என்பதும் சரியே. அதனால்தான் 'எளிமையான, விரைவான' போன்ற விளம்பரச் சொற்களை எல்லாம் அடித்துவிட்டேன்.

அடுத்து மூட்டை. அரசுக் கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ, எங்கள் ஆலைகளில் 75 கிலோ. 'ஒரு மூட்டை என்பது 75 கிலோ நிகர எடை' என்று எழுதும்போது, நிகர என்ற சொல்லில் கை நின்றுவிட்டது. கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் அப்பாவுக்குக் கொஞ்சம் வயல் இருந்தது. களத்தில் தரகர் மூட்டைக்கு இரண்டு கிலோ 'கழிவு' என்று கூடுதலாக அளந்து எடுப்பார். 60 மூட்டைக்கு 120 கிலோ. எந்தத் துண்டுச் சீட்டிலும் அது இருக்காது. ஏன் என்று கேட்டால் 'வழக்கம்' என்பார். நீங்கள் கேட்டதற்கு இது பதில் இல்லை என்று தெரியும். எழுதாமல் விட்டதற்கு அப்பா வருஷா வருஷம் நெல்லாகக் கொடுத்ததைப் பார்த்து வளர்ந்தவள் நான்; சொல்லாமல் இருக்க முடியவில்லை.

உங்கள் வேலையை, தரவை மாற்றும் கருவிகளிலிருந்து தொடங்குங்கள்: இருப்பைத் திருத்துவது, ரசீதை ரத்து செய்வது போன்றவை. 'செய்தபின் திரும்பப் பெற முடியாது. பயனரிடம் உறுதி கேட்ட பிறகே அழைக்கவும்' என்ற வரி முதலில் அங்கேதான் வேண்டும். நான் அவற்றைக் கடைசிக்குத் தள்ளி வைத்திருந்தேன். இன்னும் ஆறு பாக்கி இருக்கிறது. கார் அறுவடை வருவதற்குள் முடித்தாக வேண்டும்.